பிடித்த எழுத்தாளர், பிடித்த இயக்குநர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் புத்தகமோ படத்தட்டோ இரவல் வாங்கிப் போகிறவர்கள், அதைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு சந்தேகத்தையும் கொண்டுவருவார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் அநேகமாக மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதிவைத்துப் பதில்களைச் சேர்த்தேன். பதில்களில் என் சாய்வு இருக்கும். அதை மறைக்க நான் முயலவில்லை.

“காலத்தை வென்ற படைப்பு” என்கிறார்கள். எத்தனை வருடம் தாண்டினால் அந்தப் பட்டம் கிடைக்கும்?

வருடக் கணக்கு எதுவும் கிடையாது. என் அளவுகோல் எளியது. படைத்தவருடைய நண்பர்கள், எதிரிகள், அவர் காலத்துச் சண்டைகள் எல்லாம் ஓய்ந்த பிறகும், யாருடைய கட்டாயமும் இல்லாமல் ஒருவர் அதைத் தேடி எடுக்கிறாரா? தேர்வுக்காகப் படிப்பதை நான் இதில் சேர்ப்பதில்லை. புதுமைப்பித்தன் 1948-இல், 42 வயதில் இறந்தார். அவர் யாரோடு மோதினார், யார் அவரைத் தூற்றினார்கள் என்பதெல்லாம் இன்று ‘செல்லம்மாள்’ படிக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது தெரியாமலே கதை அவரைப் பிடித்துக்கொள்கிறது.

சில சமயம் காத்திருக்கவும் தேவைப்படுவதில்லை. ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் இதழ் 1952-இல் விமர்சகர்களிடம் முதல் முறையாக வாக்கெடுப்பு நடத்தியபோது, உலகின் சிறந்த படமாக அவர்கள் தேர்ந்தெடுத்தது இத்தாலிய இயக்குநர் டி சீகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. அப்போது அந்தப் படத்துக்கு வயது நான்கு. அன்று அவசரப்பட்டுவிட்டார்கள் என்று இன்றும் யாரும் சொல்வதில்லை.

ஒரு எழுத்தாளரை எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும்? முதலில் எழுதியதா, பெரிய பெயர் வாங்கியதா?

இரண்டும் இல்லை, சின்னதிலிருந்து தொடங்குங்கள். தஸ்தயேவ்ஸ்கி என்றதும் ‘கரமசோவ் சகோதரர்க’ளைத் தூக்கிக்கொண்டு போய், நூறாம் பக்கத்தில் மூச்சு வாங்கித் திருப்பிக் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். 1848-இல் வந்த ‘வெண்ணிற இரவுகள்’ ஒரே மாலையில் முடிந்துவிடும். தனிமையில் உழலும் மனிதன் ஓயாமல் பேசுவான். அந்தப் பேச்சு உங்களுக்குப் பிடித்துவிட்டால் பெரிய நாவல்களும் பிடிக்கும்.

சிறுகதை எழுத்தாளர் என்றால் ஒரே கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘பொன்னகரம்’, ‘காஞ்சனை’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ மூன்றையும் பெயர் மறைத்துக் கொடுத்தால் மூன்று பேர் எழுதியவை என்றுதான் தோன்றும். இயக்குநர்களில், முதல் படத்திலிருந்தே தொடங்கக்கூடியவர்கள் குறைவு. சத்யஜித் ராய் அவர்களில் ஒருவர்.

எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் படம் எனக்குத் தூக்கத்தைத்தான் வரவழைத்தது. எனக்கு ரசனை இல்லையா?

பெரும்பாலும் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க நகரத்துக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் இறந்த மகனின் மனைவிதான் அவர்களோடு நேரம் செலவிடுகிறாள். கதை அவ்வளவுதான். கேமரா அநேகமாக அசைவதே இல்லை. அது தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்திலோ அதற்கும் கீழேயோ இருக்கும். காட்சிகளுக்கு இடையில் புகைபோக்கியும், கொடியில் காயும் துணியும் ஆளில்லாமல் வந்துபோகும்.

நானும் முதல் முறை தூங்கியவன்தான். இரண்டாம் முறை வேறு ஒன்றைச் செய்து பார்த்தேன். என்ன நடக்கப்போகிறது என்று எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, யார் யாரிடம் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கவனித்தேன். தந்தை சிரித்தபடி தலையசைக்கும் ஒவ்வொரு முறையும் ஏமாற்றம் ஒன்று விழுங்கப்படுகிறது. அது கண்ணில் பட்ட பிறகு தூங்க முடியவில்லை.

ஆனாலும், இரண்டு முறை நேர்மையாக முயன்று பார்த்தும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உங்களுக்கும் அந்த இயக்குநருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எனக்கே இன்னும் ஒட்டாத மேதைகள் சிலர் இருக்கிறார்கள். பெயர் சொன்னால் நண்பர்களை இழப்பேன்.

பழைய படங்கள் மெதுவாக நகர்கின்றன. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் என்ன குடிமுழுகிவிடும்?

கதை தெரிந்துவிடும், படம் தெரியாது. முந்தைய பதிலில் சொன்ன தந்தையின் சிரிப்பு ஒன்றரை மடங்கு வேகத்தில் வெறும் சிரிப்பாகிவிடும். அதன் கீழே இருப்பது வெளியே வர அந்த இரண்டு விநாடி வேண்டும்.

இந்தத் தவறை உலகமே ஒருமுறை செய்திருக்கிறது. மௌனப் படங்கள் பலவற்றில் விநாடிக்கு 16 முதல் 20 சட்டகங்கள் வரை எடுத்தார்கள். பேசும் படம் வந்ததும் விநாடிக்கு 24 என்று நிலைபெற்றது. பழைய சுருள்களைப் புதிய வேகத்தில் ஓட்டியபோது எல்லோரும் குடுகுடுவென்று ஓடினார்கள். மௌனப் படம் என்றாலே பொம்மை நடை என்ற எண்ணம் அதனால் பரவியது. குற்றம் ஓட்டிய இயந்திரத்துடையது, பழி விழுந்தது படத்தின் மேல்.

பழைய தமிழ்ப் படம் என்றால் பாட்டுக்கு மேல் பாட்டுத்தானே? அதில் இயக்குநருக்கு என்ன வேலை?

1954-இல் வந்த ‘அந்த நாள்’ பாருங்கள். இயக்கியவர் எஸ். பாலச்சந்தர், நாயகன் சிவாஜி கணேசன். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. முதல் காட்சியிலேயே நாயகன் சுடப்பட்டு இறக்கிறான். மீதிப் படம் முழுவதும் அவன் யார் என்பதைப் பற்றிய ஆளுக்கொரு சாட்சியம்.

கதை முழுவதும் தெரிந்த பிறகு மறுபடி படிப்பதில் என்ன இருக்கிறது? படிக்காத புத்தகங்களே மலைபோல் கிடக்கின்றனவே?

கம்பனைக் கேட்டவர்களில் ராமன் கதை தெரியாதவர் யார் இருந்திருப்பார்? முடிவு தெரிந்தவர்களிடம்தான் அவன் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினான். அடுத்தது என்ன என்ற தவிப்பு இல்லாத இடத்தில், எப்படிச் சொல்கிறான் என்று கேட்க நேரம் கிடைக்கிறது. வள்ளுவர் நட்பைப் பற்றிச் சொல்லும்போது ‘நவில்தொறும் நூல்நயம் போலும்’ என்கிறார். பழகப் பழக இனிக்கும் நட்புக்குப் படிக்கப் படிக்க இனிக்கும் நூலை உவமையாக்குகிறார். தெரியாததை விளக்கத் தெரிந்ததைத்தானே காட்டுவோம்? அப்படியானால் திரும்பப் படிப்பதன் இன்பம் அவர் காலத்திலேயே விளக்கம் தேவைப்படாத விஷயமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. புத்தகம் அப்படியே இருக்கிறது, படிக்கிறவர் மாறிவிடுகிறார். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை இருபது வயதில் படித்தபோது நான் பாபுவின் பக்கம் நின்றேன். நாற்பதுக்குப் பிறகு படித்தபோது யமுனா பேசும் இடங்களில்தான் பக்கம் திரும்ப நேரமானது. இருபது வருடத்தில் நான் எவ்வளவு நகர்ந்திருக்கிறேன் என்பதை அந்த நாவலை வைத்துத்தான் அளந்தேன்.

படிக்காத மலை இருக்கத்தான் செய்யும். என் பழக்கம், இரண்டு புதியவை முடித்தால் ஒரு பழையது. மலை குறைந்தபாடில்லை.

விருது பெற்றவர்களை மட்டும் வரிசையாகப் படித்தால் போதாதா? வல்லுநர்கள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்?

இலக்கிய நோபல் 1901-இல் தொடங்கியது. டால்ஸ்டாய் 1910 வரை உயிரோடு இருந்தார், அவருக்குக் கொடுக்கவில்லை. முதல் பரிசு பெற்றவர் சுல்லி ப்ருதோம் என்ற பிரெஞ்சுக் கவிஞர். அவரை நீங்கள் படித்திருக்கிறீர்களா? ஹிட்ச்காக் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கருக்கு ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறையும் அது கிடைக்கவில்லை. ‘சிட்டிசன் கேன்’ (1941) சிறந்த படத்துக்கான போட்டியில் தோற்றது.

விருதுப் பட்டியலை ஒதுக்க வேண்டியதில்லை. தெரியாத பெயர்களை அதில் கண்டெடுக்கலாம். அதை நுழைவாயிலாக வைத்துக்கொள்ளுங்கள், மதிலாக வேண்டாம்.

நல்ல படைப்பு என்றால் வந்தபோதே மக்கள் அடையாளம் கண்டிருக்க மாட்டார்களா? பிறகு எப்படித் திடீரென்று மேதை ஆகிறார்கள்?

திடீரென்று ஆவதில்லை. வெளியே தெரிவதுதான் திடீரென்று. ஹெர்மன் மெல்வில் ‘மோபி டிக்’ நாவலை 1851-இல் வெளியிட்டார். லண்டன் பதிப்பில் கடைசிப் பகுதி விடுபட்டுப்போனது. கப்பலே மூழ்கியபின் கதைசொல்லி எப்படித் தப்பினான் என்று சொல்லும் பகுதி அது. எல்லோரும் செத்தால் கதையைச் சொல்வது யார் என்று அங்கிருந்த விமர்சகர்கள் கேலி செய்தார்கள். புத்தகம் விலைபோகவில்லை. மெல்வில் நியூயார்க் சுங்கத் துறையில் 19 வருடம் வேலை பார்த்தார். 1891-இல் இறந்தபோது அவரை நினைவில் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். 1920-களில்தான் ஒரு புதிய தலைமுறை அவரைத் தூசு தட்டி எடுத்தது. இடையில் ஓடிய முப்பது வருடமும் எங்கோ சில வாசகர்கள் ஒருவருக்கொருவர் அந்தப் புத்தகத்தைக் கைமாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிரெஞ்சு இயக்குநர் ரெனுவாரின் ‘ரூல்ஸ் ஆஃப் தி கேம்’ 1939-இல் பாரிஸில் வெளியானபோது கூச்சலிட்டார்கள். ஒருவர் செய்தித்தாளைக் கொளுத்தி அரங்குக்கே தீவைக்கப் பார்த்தார் என்று ரெனுவார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தை வெட்டிச் சுருக்கினார்கள், அரசு தடைசெய்தது, மூலப் படச்சுருள் போரில் குண்டுவீச்சில் அழிந்தது. 1959-இல் இரண்டு ரசிகர்கள் மிஞ்சிய துண்டுகளைத் தேடிச் சேர்த்து, ரெனுவாரின் ஒப்புதலோடு மறுபடி கோத்தார்கள். இன்று நாம் பார்ப்பது அந்த வடிவம்தான்.

அப்படியானால் நிலைத்தது எல்லாம் நல்லது, மறைந்தது எல்லாம் சுமாரானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். “நல்லது தானே நிற்கும்” என்று சொல்வதைப் போல் சோம்பேறித்தனமான ஆறுதல் வேறில்லை. எதுவும் தானே நிற்பதில்லை.

சீவக சிந்தாமணி உ. வே. சாமிநாதையருக்கு முன்பும் இருந்தது, ஏட்டில். 1880-இல் சேலம் இராமசாமி முதலியார் “சிந்தாமணி படித்திருக்கிறீர்களா” என்று கேட்டிருக்காவிட்டால் அவர் அந்தப் பக்கம் எப்போது திரும்பியிருப்பாரோ! ஊர் ஊராக ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டு, 1887-இல் அச்சிட்டார். பிறகு பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல். செல்லரித்த ஏடுகளைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தவர்கள், அவர் கைக்கு வருமுன் அழிந்தவை என்னென்னவோ என்று நினைக்காமல் இருக்க முடியாது. அழிந்தவை தரம் குறைந்தவை என்று யார் சொல்ல முடியும்? கரையான் படித்துப் பார்த்தா தின்றது?

படச்சுருளின் கதை இன்னும் மோசம். 1950-களின் தொடக்கம்வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், வைத்திருந்தாலும் சிதையும். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. டென்மார்க்கின் கார்ல் ட்ரையர் எடுத்த ‘பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) படத்தின் மூலச்சுருள் எரிந்துபோனது. எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருந்த காட்சிகளைக் கொண்டு அவர் இரண்டாவது வடிவம் உருவாக்கினார், அதையும் தீ தின்றது. தன் படம் போய்விட்டது என்ற நினைப்போடு 1968-இல் அவர் இறந்தார். 1981-இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் முதல் வடிவத்தின் பிரதி கிடைத்தது. ராயின் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’யின் (1955) மூலச்சுருளும் 1993-இல் லண்டன் ஆய்வகத் தீயில் சிக்கியது. கருகிய துண்டுகளை யாரோ தூக்கிப் போடாமல் எடுத்துவைத்தார்கள். இருபது வருடம் கழித்து இத்தாலியில் அந்தச் சுருளுக்கு மறுபடி ஈரமேற்றி, சட்டகம் சட்டகமாக மீட்டார்கள். 2015-இல் புதிய பிரதி வெளிவந்தது.

தற்செயலும் கைகொடுப்பதுண்டு. ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946-இல் வந்தபோது பெரிதாக ஓடவில்லை. 1974-இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்க யாரோ தவறிவிட்டார்கள். செலவில்லாமல் கிடைத்த படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் வருடந்தோறும் போட்டன. ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. ஒரு குமாஸ்தாவின் மறதி இல்லையென்றால் அந்தப் படத்துக்கு இன்று எத்தனை பேர் அழுவார்கள் என்று தெரியாது.

காஃப்கா எரிக்கச் சொன்னதை நண்பர் எரிக்கவில்லையாம். அதைப் படிப்பது அவருக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

பிராக் நகரத்து எழுத்தாளர் காஃப்கா 1924-இல் இறந்தார். அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் அடுத்த வருடமே ‘விசாரணை’யை வெளியிட்டார், பின்னர் ‘கோட்டை’யையும். 1939-இல் நாஜிப் படை வருமுன் பிராக் நகரை விட்டுத் தப்பியபோது அவர் பெட்டியில் காஃப்காவின் கையெழுத்துப் படிகள் இருந்தன. எரிக்க மாட்டேன் என்று காஃப்காவிடம் நேரிலேயே சொல்லிவிட்டதாகவும், அது தெரிந்தும் தன்னிடம் பொறுப்பை விட்டார் என்றால் எரிய வேண்டும் என்று அவர் உண்மையில் நினைக்கவில்லை என்றும் பிராட் வாதாடினார். வசதியான வாதம்தான். இருந்தும் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. எரிப்பதில் உறுதியாக இருந்தவர்கள் தாங்களே எரித்திருக்கிறார்கள். கோகோல் ‘இறந்த ஆன்மாக்க’ளின் இரண்டாம் பாகத்தை 1852-இல் அடுப்பில் போட்டார், யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

படிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ‘விசாரணை’யின் அத்தியாய வரிசை பிராட் அமைத்தது. எங்காவது தொடர்ச்சி இடறினால் அதைக் காஃப்காவின் தலையில் கட்டாதீர்கள்.

மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு “எனக்கு அந்த எழுத்தாளரைப் பிடிக்கும்” என்று சொல்லலாமா? நாம் படிப்பது மொழிபெயர்ப்பாளரைத்தானே?

தாராளமாகச் சொல்லலாம். கூடவே மொழிபெயர்த்தவர் பெயரையும் சொல்லுங்கள். மராத்தி எழுத்தாளர் காண்டேகரைக் கா. ஸ்ரீ. ஸ்ரீ. தமிழில் கொண்டுவந்தார். காண்டேகரைத் தமிழ் எழுத்தாளர் என்றே நினைத்துப் படித்தவர்கள் உண்டு. ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிடப் பெரிய வெற்றி எது, இதைவிடப் பெரிய புறக்கணிப்புத்தான் எது? நார்வேயின் க்னுட் ஹாம்சனைக் க. நா. சு. ‘நிலவளம்’ என்று ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இரண்டு மொழிகள் தாண்டி வந்தும் அந்த மண் வாசம் போகவில்லை.

எது தாண்டி வருகிறது, எது வழியில் உதிர்கிறது என்பது ஆசிரியரைப் பொறுத்தது. பாத்திரங்களும் சூழலும் கட்டுமானமும் வந்துவிடும். சொல்லின் ஓசையில் உயிர் வைத்திருப்பவர்களுக்குத்தான் நட்டம். லா. ச. ராமாமிர்தத்தை வேறு மொழியில் படிக்கிறவரை நினைத்தால் எனக்கு இரக்கமே வருகிறது. படத்துக்கான துணைவாசகம் இன்னும் குறுகலானது. நான்கு வரிப் பேச்சு ஒரு வரியாகிவிடும். அதனால்தான் பிறமொழிப் படத்தை இரண்டு முறை பார்க்கச் சொல்கிறேன், முதல் முறை கண் பாதி நேரம் திரையின் அடியிலேயே இருந்திருக்கும்.

‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தன் கதைதானே? படம் பார்த்துவிட்டால் கதையைப் படித்த மாதிரிதானே?

மகேந்திரன் 1979-இல் எடுத்த அந்தப் படத்துக்கு வித்து புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. தாயை இழந்த இரண்டு குழந்தைகள், தந்தையின் மறுமணம் என்ற நிலை அங்கிருந்து வந்தது. மற்றதெல்லாம் மகேந்திரன் வளர்த்தது. கதையில் வருவது வீட்டுக்குள்ளேயே கசியும் துன்பம். படத்தில் ஊரே வருகிறது. கடைசியில் ஆற்றங்கரையில் ஊர் மொத்தமும் ஒரு மனிதனைச் சுற்றி நிற்கும் காட்சிக்குக் கதையில் இடமே இல்லை. அது மகேந்திரனுக்கு மட்டுமே தோன்றிய முடிவு.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், படித்துவிட்டுப் பாருங்கள் என்பேன். படம் பார்த்தபின் படித்தால் நடிகர்களின் முகம் வரிகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், கிளப்பவே முடியாது.

படத்தில் நூறு பேர் உழைக்கிறார்கள். இயக்குநர் ஒருவரைமட்டும் “படைப்பாளி” என்று கொண்டாடுவது நியாயமா?

முழு நியாயம் இல்லை. இயக்குநரை எழுத்தாளருக்குச் சமமாக வைத்துப் பேசும் வழக்கம் 1950-களில் பிரான்ஸில் இளம் விமர்சகர்கள் எழுப்பிய வாதத்தால் வலுப்பெற்றது. 1954-இல் அவர்களில் ஒருவரான த்ரூஃபோ எழுதிய கட்டுரை அதில் முக்கியமானது. அந்த வாதத்தால் நன்மையும் விளைந்தது. ஹிட்ச்காக்கை வெறும் திகில் வியாபாரி என்று ஒதுக்கிய காலம் முடிந்தது.

ஆனால் ‘பதேர் பாஞ்சாலி’யை ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ரா அதற்குமுன் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் (1956), அரங்கத்தில் போட்ட வீட்டு முற்றத்துக்கு மேலே துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்து, வானத்து வெளிச்சம் போலவே கொண்டுவந்தார். நாம் ‘ராயின் ஒளி’ என்று உருகுவதில் பாதி அந்தத் துணி. மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) படத்துக்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா, ‘உதிரிப்பூக்க’ளுக்கு அசோக்குமார், இரண்டுக்கும் இசை இளையராஜா. படம் முடிந்ததும் ஓடும் பெயர்களை உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்குப் பிடித்தவர் என்று நீங்கள் நினைத்திருந்தது உண்மையில் ஓர் ஒளிப்பதிவாளராக இருக்கலாம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

எனக்குப் பிடித்த இயக்குநரின் கடைசிப் படங்கள் சுமார். இன்னமும் அவரைப் பிடித்தவர் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஏன் வெட்கம்? சரிவுக்கும் காரணம் இருக்கும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ராய்க்கு 1983-இல் மாரடைப்பு வந்தது. ‘கணசத்ரு’ (1989) எடுத்தபோது வெளிப்புறப் படப்பிடிப்புக்கு மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை. காடும் ரயிலும் மழையும் எடுத்த மனிதர் நான்கு சுவருக்குள் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். அது தெரிந்தபின் அந்தப் படத்தில் மூச்சுமுட்டுவது எனக்குக் குறையாகத் தோன்றுவதில்லை. உங்களுக்குத் தோன்றினால் தவறும் இல்லை.

சரிந்தவர் எழுவதும் உண்டு. ஜப்பானிய இயக்குநர் குரோசவா 1970-இல் எடுத்த படம் தோல்வி, மறுவருடம் தற்கொலைக்கு முயன்றார். சொந்த நாட்டில் பணம் கிடைக்காமல் சோவியத் யூனியனில் ‘தெர்சு உசாலா’ (1975) எடுத்தார். ‘ரான்’ (1985) வந்தபோது அவருக்கு 75 வயது. 1971-இல் “அவர் கதை முடிந்தது” என்று சொன்னவர்கள் பதினான்கு வருடம் பொறுத்திருக்கலாம்.

படைப்பு அருமை, படைத்தவர் மோசம். அப்போது என்ன செய்வது?

மேலே ‘நிலவளம்’ என்று புகழ்ந்தேனே, அதை எழுதிய ஹாம்சன் நாஜிகளை ஆதரித்தவர். 1920-இல் தான் வாங்கிய நோபல் பதக்கத்தை 1943-இல் நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபெல்ஸுக்குப் பரிசாக அனுப்பியவர். இதை அறிந்தபின் நான் ‘நிலவள’த்தைத் தூக்கி எறியவில்லை. ஆனால் மண்ணையும் உழைப்பையும் அவர் போற்றும் இடங்களைப் பழைய கண்ணால் படிக்கவும் முடியவில்லை. அந்தப் போற்றுதல் எந்தப் பக்கம் சாயக்கூடியது என்று ஒரு கேள்வி உடனே எழுகிறது. அந்த உறுத்தலோடுதான் படிக்கிறேன். உறுத்தல் வாசிப்பைக் கெடுக்கவில்லை, கூர்மையாக்கியிருக்கிறது.

விஷம் படைப்புக்குள்ளேயே இருந்தால் நிலைமை வேறு. டி. டபிள்யூ. கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915) படத்தொகுப்பின் பாடமாக இன்றும் பேசப்படுகிறது. கறுப்பின மக்களைத் தாக்கிய கூட்டத்தை வீரர்களாகக் காட்டும் படமும் அதுதான். அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் 1999-இல் தன் உயரிய விருதிலிருந்து அவர் பெயரை நீக்கியது. வரலாறு தெரிந்துகொள்ள ஒருமுறை பார்த்தேன். ‘பிடித்தவர்’ வரிசையில் அவருக்கு என்னிடம் இடமில்லை. உங்கள் கோடு வேறு இடத்தில் விழலாம். கோடு எங்கே என்று யோசிக்காமல், “கலை வேறு, ஆள் வேறு” என்று ஒரே மூச்சில் முடித்துக்கொள்கிறவர்களோடுதான் எனக்கு ஒத்துப்போவதில்லை.

இறுதியாக ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்களேன். தலைசிறந்த பத்து?

மாட்டேன். முதல் பதிலில் சொன்ன அதே இதழின் வாக்கெடுப்பையே பாருங்கள். ‘சிட்டிசன் கேன்’ 1952-இல் முதல் பத்தில்கூட இல்லை. 1962 முதல் 2002 வரை முதலிடம். 2012-இல் அதை ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ இறக்கியது. அது 1958-இல் கலவையான வரவேற்புப் பெற்று, இடையில் பல வருடம் பார்க்கவே கிடைக்காமல் இருந்த படம். 2022-இல் ஷாந்தால் அகெர்மானின் ‘ஜான் டீல்மன்’ (1975) முதலிடத்துக்கு வந்தது. ஒரு பெண் மூன்று நாள் வீட்டு வேலை செய்வதை மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் காட்டும் படம். இத்தனைக்கும் படங்களில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை.

எனக்குப் பிடித்த எழுத்தாளரை யாருக்கும் தெரியாது. புத்தகம் மறுபதிப்பும் காணவில்லை. நான் ஒருவன் என்ன செய்துவிட முடியும்?

மெல்விலைக் கைமாற்றியவர்களும், கருகிய சுருளை எடுத்துவைத்தவரும் பெயர் தெரியாத தனி ஆட்கள்தான். பிரதியைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் பூட்டி வைக்காதீர்கள். முழுப் புத்தகத்தையும் படி என்று நீட்டாமல், ஒரு கதையின் பெயரைச் சொல்லி அதைமட்டும் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். எதனால் பிடித்தது என்று அரைப் பக்கம் எழுதி உள்ளே செருகிவையுங்கள். பதிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதுங்கள், பதில் வராவிட்டாலும்.

என்னிடம் அப்படி ஒரு சிறுகதைத் தொகுப்பு இருக்கிறது. அட்டை போய்விட்டது. இதுவரை பதினோரு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். மூன்று பேர் படிக்காமலே திருப்பித் தந்தார்கள், ஒருவரிடமிருந்து அதை மீட்க இரண்டு வருடம் ஆனது. போன மாதம் திரும்பி வந்தபோது புரட்டிப் பார்த்தேன். ஐந்தாவது கதையில் ஒரு வரியின் கீழே பென்சில் கோடு. நான் போட்டதில்லை. நான் எத்தனையோ முறை படித்தும் நிற்காமல் கடந்துபோன வரி அது.